கசிந்த விண்டோஸ்களும் அவசரத் தீர்ப்புகளும்

விண்டோஸின் அடுத்த தலைமுறையை 2021 ஜூன் 24 அன்று காட்டப்போவதாக மைக்ரோசாஃப்ட் நாள் குறித்திருந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஜூன் 15 அன்று, சீனாவின் பைடு தளத்தில் சில ஸ்கிரீன்ஷாட்கள் வெளிவந்தன. பெயர் விண்டோஸ் 11, பில்ட் எண் 21996.1. படங்கள் போலியா நிஜமா என்று விவாதம் தொடங்குவதற்குள் சுமார் நாலரை ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ கோப்பே கைமாறத் தொடங்கிவிட்டது. அன்றிரவே உலகம் முழுக்க ஆர்வலர்கள் அதை விர்ச்சுவல் மெஷின்களில் நிறுவிப் பார்த்து, பிடித்தது பிடிக்காதது எல்லாவற்றையும் எழுதித் தள்ளினார்கள்.

டாஸ்க்பார் பொத்தான்கள் நடுவுக்கு வந்துவிட்டன என்பதுதான் முதல் பேச்சு. மேக்கைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்றார்கள் சிலர். இல்லை, குரோம் ஓஎஸ்ஸைப் பார்த்து என்றார்கள் வேறு சிலர். வளைந்த மூலைகள் அழகு என்றும், லைவ் டைல்கள் போனது நல்லது என்றும் பாராட்டும் இருந்தது. விண்டோஸ் 10தான் கடைசி விண்டோஸ் என்று 2015-இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் மேடையில் சொன்னதை நினைவில் வைத்திருந்தவர்கள் அந்த வாக்கு என்னாயிற்று என்று கேட்டார்கள். ஆனால் அதிகம் ஒலித்த குரல், இது விண்டோஸ் 10-க்கே மாட்டிவிட்ட புதுச் சட்டை என்பது. அதற்கு ஆதாரமும் இருந்தது. ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்தால் அதே பழைய ரிப்பன். செட்டிங்ஸுக்குள் போனால் அங்கும் அதே பழைய பக்கங்கள்.

ஜூன் 28 அன்று மைக்ரோசாஃப்ட் தானே சோதனையாளர்களுக்குக் கொடுத்த முதல் பதிப்பில் எக்ஸ்புளோரர், செட்டிங்ஸ் இரண்டுமே புதிதாக இருந்தன. பதின்மூன்று நாளில் அந்தப் பெரிய தீர்ப்பின் முக்கிய ஆதாரம் காலாவதியாகிவிட்டது.

தீர்ப்பு தவறியது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. 21996-ஐத் தங்கள் நிஜக் கணினியில் நிறுவ முயன்ற சிலருக்கு, டிபிஎம் 2.0 இல்லாததால் இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது என்ற அறிவிப்பு அப்போதே திரையில் வந்தது. டிபிஎம் என்பது மறைகுறியீட்டுச் சாவிகளைப் பத்திரப்படுத்தும் பாதுகாப்புச் சில்லு. பழைய கணினிகள் பலவற்றில் அது கிடையாது; இருந்தாலும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்த அறிவிப்பைக் கண்டவர்கள் என்ன செய்தார்கள்? விண்டோஸ் 10 ஐஎஸ்ஓவிலிருந்து ஒரேயொரு டிஎல்எல் கோப்பை எடுத்து இதில் போட்டால் தடை நீங்கும் என்று கண்டுபிடித்தார்கள். அந்த வழி சில நாட்களிலேயே எங்கும் பரவியது. விண்டோஸ் 11-இன் வரலாற்றிலேயே அதிகம் பேரைப் பாதிக்கப்போகும் முடிவு அந்தச் சின்னப் பெட்டிக்குள் எழுதியிருந்தது. அதைக் கடந்துபோக வேண்டிய இடைஞ்சலாகத்தான் பார்த்தார்கள். விவாதம் முழுக்க டாஸ்க்பார் நடுவிலா ஓரத்திலா என்பதில் கழிந்தது.

ஜூன் 24-க்குப் பிறகுதான் புயல் கிளம்பியது. டிபிஎம் 2.0 மட்டும் போதாது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலி முதல்தான் ஆதரவு என்று தெரிந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான கணினிகள் ஒரே அறிவிப்பில் வெளியே தள்ளப்பட்டன. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது அந்தப் பிரச்சினை வீட்டுக்கு வீடு வந்து நின்றது.

இருபது ஆண்டுகளில் கசிந்த விண்டோஸ் பதிப்புகளையும் அவற்றுக்கு எழுந்த எதிர்வினைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது இந்தக் கதை வேறு வேறு உருவில் திரும்ப வருவதைக் காணலாம். கசிவைப் பார்த்துப் பேசுகிறவர்கள் தங்கள் கை பழகிய இடத்தைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கிறது. முடியாத வேலையைப் பார்த்து முடிவான பொருளை ஊகிப்பது பெரும்பாலும் தவறிப்போகிறது. கண்ணுக்குத் தெரியாத முடிவுகளைப் பற்றியோ பேச்சே எழுவதில்லை, யாராவது உள்ளே நுழைந்து தோண்டிப் பார்த்தாலொழிய.

முதலில் கசிவு என்றால் என்ன பொருள் கசிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் போன்ற பெரிய மென்பொருளில் ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு கிளையில் வேலை செய்யும். அந்தக் கிளைகள் அவ்வப்போது பிரதானக் கிளையில் சேர்க்கப்படும். பில்ட்கள் அநேகமாகத் தினமும் தயாராகும். ஒரு நாளின் பில்ட்டில் ஒரு குழுவின் வேலை முடிந்திருக்கும், இன்னொன்றின் வேலை வந்தே சேர்ந்திருக்காது. வன்பொருள் தயாரிப்பாளர்கள், கூட்டாளி நிறுவனங்கள் என்று பலரிடம் போகும் பிரதிகளில் புதிய வசதிகளைப் பூட்டி வைப்பதும் உண்டு. குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு இயங்காமல் போகும்படி தேதிக்கெடுவும் வைத்திருப்பார்கள். ஆக, கசிந்து வருவது ஒரு குறிப்பிட்ட கிளையின் ஒரு குறிப்பிட்ட நாளின் நிலை மட்டுமே. ஆனால் அதைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது முழுப் பொருளாகத் தெரிகிறது. பூட் ஆகிறது, பெயர் இருக்கிறது, வால்பேப்பர் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

இந்த மயக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லாங்ஹார்னைவிடப் பெரிய சான்று இல்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அடுத்து வரவிருந்த பதிப்பின் உள்பெயர் அது. 2002 நவம்பரில் அதன் 3683-ஆம் பில்ட் கசிந்தது. திரையின் ஓரத்தில் கடிகாரம் வைத்த ஒரு நீளப் பட்டை, புதிய வண்ணப் பூச்சு, கோப்புகளைத் தரவுத்தளம்போலத் தேடித் தரப்போகும் வின்எஃப்எஸ் பற்றிய பேச்சு. எக்ஸ்பி பழகிப்போன கண்களுக்கு அது வேற்றுலகமாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகப் பில்ட்கள் கசிந்தன. 2003 அக்டோபரில் டெவலப்பர் மாநாட்டில் மைக்ரோசாஃப்ட் தானே ஒரு பிரதியைக் கொடுத்தது. டிசம்பர் தொடக்கத்தில் மலேசியாவின் ஜோகூர் பாருவில் லாங்ஹார்ன் சிடி ஆறு ரிங்கிட்டுக்குக் கடையில் விற்கிறது என்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. வெளிவரப் பல ஆண்டுகள் இருந்த ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தார்கள்.

வாங்கி நிறுவியவர்கள் கண்டது என்ன? கொஞ்ச நேரம் வைத்திருந்தால் நினைவகத்தைத் தின்று தீர்த்து நகர மறுக்கும் கணினி. சிலர் அதைச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் பெரும்பாலானோர் அதை பீட்டா அப்படித்தான் இருக்கும் என்று மன்னித்துவிட்டு, அந்த ஓரப் பட்டையையும் கண்ணாடிபோன்ற ஜன்னல்களையும் பேசினார்கள். உண்மையில் மன்னிக்கக் கூடாத விஷயம் அந்த மந்தமும் தடுமாற்றமும்தான். உள்ளே அஸ்திவாரமே சரியில்லை என்பதன் அடையாளம் அது. திட்டம் இப்படியே போனால் தேறாது என்று விண்டோஸ் பிரிவின் தலைவர் ஜிம் ஆல்சின் 2004 ஜூலையில் பில் கேட்ஸிடமே போய்ச் சொன்னதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பின்னர் எழுதியது. ஆகஸ்டில் பழைய வேலையை ஓரங்கட்டிவிட்டு, விண்டோஸ் சர்வர் 2003-இன் நிரல் அடித்தளத்தில் மறுபடி தொடங்கினார்கள். வின்எஃப்எஸ் கைவிடப்பட்டது. 2007 ஜனவரி 30 அன்று விஸ்டா என்ற பெயரில் கடைக்கு வந்தபோது, கசிவுகளைப் பார்த்துப் பழகியவர்கள் அதை எக்ஸ்பியோடு ஒப்பிடவில்லை. தாங்கள் 2003-இல் பார்த்த கனவோடு ஒப்பிட்டார்கள். கசிந்த 4074-ஆம் பில்ட்டை எடுத்து நாங்களே முடித்துக் காட்டுகிறோம் என்று ஓர் ஆர்வலர் குழுவே கிளம்பியது. மைக்ரோசாஃப்ட் தலையிட்டு நிறுத்தியது. விஸ்டாவின் குறைகள் நிஜமானவை. ஆயினும் அதன் மேல் விழுந்த வசவில் ஒரு பங்கு, ஒருபோதும் நிஜமாக இயங்காத ஒரு மென்பொருளின் நினைவுக்குச் சேர வேண்டியது.

இந்த அனுபவத்தில் சுட்டுக்கொண்ட மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 7-இல் வாயை இறுக்கி மூடிக்கொண்டது. பொறுப்பேற்ற ஸ்டீவன் சினோஃப்ஸ்கி, முடிந்ததை மட்டுமே காட்டுவது என்ற கொள்கைக்காரர். 2008 அக்டோபர் மாநாட்டில் கொடுத்த 6801-ஆம் பில்ட்டில் மேடையில் காட்டிய புதிய டாஸ்க்பார் இல்லை. ரஃபேல் ரிவேரா என்ற ஆய்வாளர் அந்தப் பில்ட்டின் கோப்புகளுக்குள் நுழைந்து, டாஸ்க்பார் உள்ளேயே இருக்கிறது, பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள் என்று கண்டு அதைத் திறந்தும் காட்டினார். டிசம்பர் இறுதியில் பீட்டாவான 7000-ஆம் பில்ட் முன்கூட்டியே கசிந்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பு ஏறக்குறைய முழுக்க நல்ல வரவேற்பு: பழைய கணினியில்கூட விஸ்டாவைவிட வேகமாக ஓடுகிறது என்பதே எல்லோரும் சொன்னது. 2009 ஜனவரியில் அதிகாரப்பூர்வமாக வெளியிட்ட அன்று மைக்ரோசாஃப்டின் சர்வர்கள் கூட்டத்தைத் தாங்காமல் திணறின. கசிவு நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்த அரிய தருணம் அது. காரணம் எளிது: கசிந்தது ஏறத்தாழ முடிந்த பொருள்.

அதே பீட்டாவில் ரிவேராவும் லாங் ஜெங் என்ற வலைப்பதிவரும் இன்னொன்றையும் கண்டார்கள். பயனரிடம் அனுமதி கேட்கும் யுஏசி என்ற பாதுகாப்பை, ஒரு தீய நிரல் சத்தமில்லாமல் அணைத்துவிட முடிந்தது. மைக்ரோசாஃப்ட் முதலில் இது வேண்டுமென்றே செய்த வடிவமைப்பு என்றது. செயல்விளக்கத்தோடு அவர்கள் மறுபடி எடுத்துச் சொன்னதும் பிப்ரவரி முதல் வாரத்திலேயே இறங்கி வந்து மாற்றியது. பாராட்டு மழை பொழிந்துகொண்டிருந்த நேரத்தில் இந்த இரண்டு பேர் செய்த வேலைதான் பின்னாளில் எத்தனையோ கணினிகளைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

விண்டோஸ் 8-இன் கதை எதிர்த்திசையில் போகிறது. அதன் ஆரம்பப் பில்ட்களின் வால்பேப்பரிலேயே, நம் உழைப்பைக் கசியவிடாதீர்கள் என்று ஊழியர்களுக்கு வேண்டுகோள் எழுதியிருந்தது. அந்த வால்பேப்பரோடு சேர்ந்தே கசிந்தன. 2012 பிப்ரவரி தொடக்கத்தில் வந்த படங்களில், விண்டோஸ் 95 காலம் முதல் இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானைக் காணோம். உடனே கூச்சல். நிறுவனத்தின் தரப்பில் சொல்ல ஒரு வாதம் இருந்தது: விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 7-க்கு வந்தவர்கள் ஸ்டார்ட் மெனுவைப் பயன்படுத்துவது 11 சதவீதம் குறைந்துவிட்டது, தரவு அப்படித்தான் சொல்கிறது. அந்த எண் பொய்யில்லை. ஆனால் ஒரு பொத்தானைக் குறைவாக அழுத்துகிறவருக்கும் அது இருக்கிறது என்ற தைரியம் தேவை என்பதை எந்த எண்ணும் காட்டவில்லை. கூச்சலிட்டவர்கள் அதைத்தான் தங்கள் மொழியில் சொன்னார்கள். மாற்றம் பிடிக்காத பழமைவாதிகள் என்று அவர்களை ஒதுக்கியது தவறு. ஸ்டார்ட் மெனுவைத் திருப்பித் தரும் கிளாசிக் ஷெல், ஸ்டார்ட்8 போன்ற வெளி மென்பொருள்களுக்குப் பெருங்கூட்டம் சேர்ந்தது. 2013 அக்டோபரில் வந்த 8.1-இல் பொத்தான் திரும்பியது. விண்டோஸ் 10-இல் மெனுவே திரும்பியது. மூன்றரை ஆண்டுகள் கழித்து ஏற்றுக்கொண்டதைக் கசிவின்போதே கேட்டிருக்கலாம்.

விண்டோஸ் 11-இலும் இது நடந்தது. கசிந்த 21996-இல் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் விண்டோஸ் 10-இன் ஸ்டார்ட் மெனு திரும்பி வந்தது. ஆர்வலர்கள் அதைக் கொண்டாடினார்கள். பின்னால் வந்த சோதனைப் பதிப்புகளில் அந்த வழி அடைக்கப்பட்டது. மக்கள் எதைத் தேடிப் போகிறார்கள் என்பதைக் காட்டிய ஒரு வழியை அடைத்துவிட்டு, அவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்று கேட்காமல் விட்டார்கள்.

கசிவுக்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு. ஆர்வம் உச்சத்தில் இருக்கும்போது யாரும் எந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. 2009-இல் விண்டோஸ் 7-இன் திருட்டுப் பிரதி ஒன்றில் ட்ரோஜனைச் செருகி டோரண்டில் விட்டார்கள். சுமார் 25,000 கணினிகள் அதன் வழியாக ஒரு பாட்நெட்டில் சிக்கியதாகப் பாதுகாப்பு நிறுவனமான டம்பல்லா சொன்னது. 2021 ஜூலையில் காஸ்பர்ஸ்கை எச்சரித்த ஒரு கோப்பின் பெயரிலேயே 21996.1 என்ற எண்ணும் ஆக்டிவேட்டர் என்ற சொல்லும் இருந்தன. அளவு 1.75 ஜிபி. இயங்குதளம் என்று நம்பவைக்கும் அளவு வேண்டுமே, அதற்காக ஒரே டிஎல்எல்லுக்குள் பயனற்ற தரவைத் திணித்து வைத்திருந்தார்கள். திறந்தால் வழக்கமான நிறுவல் திரை. அது இரண்டாவதாக இன்னொரு நிறுவியைத் தரவிறக்கும். அதன் உரிம ஒப்பந்தத்தில், கூடவே சில விளம்பர மென்பொருள்களும் வரும் என்று எழுதியே இருந்தது. யாரும் படிக்காத இடத்தில் அந்த உண்மை கிடந்தது.

நிறுவனங்களின் பதிலடியும் எல்லா நேரமும் நேர்மையாக இருந்ததில்லை. 2012-இல் விண்டோஸ் 8 தொடர்பான கோப்புகளை ஓர் ஊழியர் பிரான்ஸைச் சேர்ந்த ஒரு வலைப்பதிவருக்குக் கொடுத்தார். யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்க, நீதிமன்ற ஆணை எதுவும் இல்லாமல் அந்த வலைப்பதிவரின் ஹாட்மெயில் பெட்டிக்குள் மைக்ரோசாஃப்ட் நுழைந்து பார்த்தது. 2014 மார்ச்சில் அந்த ஊழியர் கைதானபோதுதான் இது வெளியே தெரிந்தது. அவருக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. ஆனால் உலகம் அதிர்ந்தது மின்னஞ்சல் விஷயத்துக்காக. தங்கள் சேவையில் கணக்கு வைத்திருக்கும் எவருடைய கடிதத்தையும் தாங்களே படிக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல், இனி இப்படிப்பட்ட சந்தேகங்களைக் காவல்துறையிடமே ஒப்படைப்போம் என்று அம்மாத இறுதியில் சட்டப்பிரிவுத் தலைவர் பிராட் ஸ்மித் அறிவித்தார். ஆப்பிளின் வழி நேரடி வழக்கு: மேக் ஓஎஸ் டைகரை வெளியீட்டுக்கு முன் டோரண்டில் விட்டதற்காக 2004 டிசம்பரில் மூவர் மீது தொடுத்தது. ஆனாலும் 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11-இன் இறுதிப் பிரதி கசிந்து, அறிமுக விழாவுக்குச் சில நாள் முன்பே ஐபோன் எக்ஸ் என்ற பெயர் வரை வெளியே வந்துவிட்டது.

கசிவை வெல்ல மைக்ரோசாஃப்ட் கண்ட சிறந்த வழி, கசிய வேண்டியதைத் தானே கொடுத்துவிடுவது. 2014 அக்டோபர் 1 அன்று இன்சைடர் திட்டம் தொடங்கியது; இரண்டே வாரத்தில் பத்து லட்சம் பேர் சேர்ந்தார்கள். விண்டோஸ் 10 அவர்கள் கண்முன்னே வளர்ந்தது. ஆனால் எதிர்வினையின் குணம் மட்டும் மாறவில்லை. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான 1809 புதுப்பிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்குமென்ட்ஸ் போன்ற கோப்புறைகளை வேறு இயக்ககத்துக்கு மாற்றி வைத்திருந்தவர்களுக்கு, முந்தைய ஏப்ரல் புதுப்பிப்புக்குப் பிறகு பழைய இடத்தில் காலியான நகல் கோப்புறைகள் தோன்றின. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று புகார்கள் குவிந்தன. நிறுவனம் கேட்டுக்கொண்டு, அவற்றை நீக்கும் நிரலைச் சேர்த்தது. அந்த நிரல் காலியில்லாத பழைய கோப்புறைகளையும் உள்ளே இருந்தவற்றோடு அழித்தது. புகைப்படங்கள், கணக்குகள், ஆய்வேடுகள் போயின. நான்கு நாளில் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றார்கள்.

இதில் நெஞ்சைச் சுடுவது, சோதனையாளர்கள் சிலர் கோப்புகள் அழிகின்றன என்று மாதக்கணக்கில் முன்பே எழுதியிருந்தார்கள் என்பது. அவர்களின் புகார்களுக்கு ஆதரவு வாக்கு விழவில்லை. ஆதலால் மேலே வரவில்லை. காலிக் கோப்புறையின் அசிங்கம் எல்லோர் கண்ணிலும் பட்டது, அதற்குக் குரல் சேர்ந்தது. கோப்பு இழந்தவர் சிலரே, அவர்கள் குரல் அடியில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் புகாரின் தீவிரத்தையும் பயனரே குறிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். பத்தாயிரம் பேரின் எரிச்சலும் பத்துப் பேரின் பேரிழப்பும் ஒரே தராசில் நிற்கக் கூடாது என்பது அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

அண்மைய நிகழ்வு ஒன்று எனக்கு நம்பிக்கை தருகிறது. 2024 மே 20 அன்று மைக்ரோசாஃப்ட் ரீகால் என்ற வசதியை அறிவித்தது. திரையைச் சில நொடிகளுக்கு ஒருமுறை படம் பிடித்து, அதில் உள்ளதைப் படித்து, பின்னால் தேடித் தரும். அதற்கென்றே வரும் புதிய கணினிகளில் ஜூன் 18 முதல் ஓடும் என்றார்கள். அதுவரை யாரும் தொட்டுப் பார்க்க முடியாது என்று எண்ணியிருக்கலாம். ஆனால் அதன் பாகங்கள் சோதனைப் பில்ட்களில் ஏற்கெனவே இருந்தன. ஆர்வலர்கள் ஆதரவில்லாத கணினிகளிலும் அதை ஓட வைக்க வழி கண்டார்கள். பாதுகாப்பு ஆய்வாளர் கெவின் பியூமான்ட் உள்ளே நுழைந்து பார்த்தார். படித்த எழுத்தெல்லாம் பயனரின் கோப்புறையில் ஒரு சாதாரண எஸ்கியூலைட் தரவுத்தளத்தில், உள்நுழைந்த கணக்கில் ஓடும் எந்த நிரலும் அப்படியே படிக்கும் நிலையில் கிடந்தது. அதிலிருந்து எல்லாவற்றையும் அள்ளிக் காட்டும் சிறு கருவியை அலெக்சாண்டர் ஹாகெனா என்ற இன்னொரு ஆய்வாளர் எழுதி வெளியிட்டார்.

இந்த முறை யாரும் பொத்தான் எங்கே என்று பேசிக்கொண்டிருக்கவில்லை. ஜூன் 7 அன்று ரீகால் தானாக இயங்காது, பயனர் கேட்டால்தான் இயங்கும், தரவு மறைகுறியாக்கப்படும், முகமோ விரலோ காட்டினால்தான் திறக்கும் என்று மைக்ரோசாஃப்ட் மாற்றியது. 13 அன்று வெளியீட்டையே தள்ளிவைத்தது. பொதுமக்கள் கைக்கு அது வந்தது 2025 ஏப்ரலில், ஏறக்குறைய பத்து மாதம் தாமதமாக, வேண்டாம் என்பவர் நீக்கிவிடக்கூடிய ஒன்றாக.

21996-இன் டிபிஎம் அறிவிப்பை 2021 ஜூனில் யாராவது ஒருவர் இப்படி எடுத்துவைத்து, இது எந்தெந்தக் கணினிகளை ஒதுக்கும், ஏன், எத்தனை ஆண்டுக்குள் என்று கேட்டிருந்தால், மைக்ரோசாஃப்ட் நிபந்தனையைத் தளர்த்தியிருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் ஜூன் 24 மேடையில் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்திருக்கும். பழைய மடிக்கணினியோடு 2025 அக்டோபர் வரை என்ன செய்வதென்று தெரியாமல் காத்திருந்தவர்களுக்கு, தயாராவதற்கு அது கூடுதலாகச் சில வாரமாவது கொடுத்திருக்கும்.